அக்கா நட்ட அன்னாசி பூச்சி தின்னுமா?

எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட என் அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், உனக்குப் பிடிக்காது என்று எதையும் விழுங்கவும் மாட்டேன். நீ போன பிறகு உனக்குச் சொல்லாமல் சேர்ந்துபோன சேதிகள் நிறைய. அவற்றில் ஒன்று, நீ சத்தியம் வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்ன விஷயத்தைப் பற்றியது. அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதை முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

இது எங்கள் விடுதிப் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதுவது. உன்னைப் பார்த்திராதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலவற்றையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான், கைக்குக் கை மாறும். ஆனாலும் நம் வீட்டு ஆட்களின் பெயரை எழுதவில்லை. நீயும் பெயரில்லாமலே இரு.

முதலில் செடி.

லுணுகலைக்கு மேலே இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்தைவிட்டு வெள்ளைக்காரத் துரை போனதும், துரைசாணி கண்ணாடிக் கூண்டில் வளர்த்த செடிகளையெல்லாம் ஓடையில் கொட்டச் சொன்னார்கள். அன்று பங்களாவில் புல் வெட்டப் போயிருந்த நீ, அதில் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாய். அன்னாசி மாதிரியே நடுவிலிருந்து இலைகள் கிளம்பி நின்றன. நிறம் மட்டும் வெளுத்த பச்சை, ஓரத்தில் முள் கிடையாது. “முள்ளில்லாத அன்னாசிடி. துரைசாணி கையில குத்தக் கூடாதுன்னு இப்படி வளத்திருக்காங்க” என்று சொல்லி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் நம் லயத்துக்குப் பின்னால் வேலியோரம் குழி தோண்டினாய்.

அன்னாசி என்றால் உனக்கு அவ்வளவு ஆசை. லுணுகலைக் கடைத்தெருவில் நானா கடை வாசலில் பழம் சீவும்போது, வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் அந்தப் பக்கமாகவே என்னை இழுத்துக்கொண்டு போவாய். நான் பதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அன்று இந்தச் செடியின் முதல் பழத்தை வெட்டுவோம் என்றாய். அடுப்புச் சாம்பல் போட்டாய், ஆட்டுப் புழுக்கை போட்டாய். அது இலைமேல் இலையாக விட்டுக்கொண்டிருந்ததே தவிர, பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. அடுத்த அறைக்காரர், பக்கத்துக் காம்பிரா மாமா, பல் துலக்கிக்கொண்டே தினமும் விசாரிப்பார், கத்தி தீட்டவா புள்ள என்று. “கப்பல்ல வந்த செடி மாமா. அலுப்புத் தீரட்டும்” என்பாய்.

அந்த அலுப்புத் தீரவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறின அன்று, பழத்துக்குப் பதிலாக அதன் இலையில் ஒன்றைக் கிள்ளி என் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாய். அது காய்ந்து தாளோடு ஒட்டிப்போய்விட்டது. பிரித்தால் கிழியும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

அது பூச்சி பிடிக்கிறது என்பதை முதலில் கண்டது நீதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடப் போனவள் என்னைக் கூப்பிட்டாய். இலைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு குழாய் மாதிரி நின்றன. அதற்குள் மழைத் தண்ணீர். மூக்கை வைத்தால் லேசாகத் தேன் வாசனை. உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, தொட்டால் திருநீறு போல விரலில் ஒட்டிக்கொள்ளும். எறும்பு ஒன்று வாசனை பிடித்துக்கொண்டு விளிம்பில் ஏறி, பொடியில் கால் வைத்ததும் வழுக்கி உள்ளே போனது. ஏறப் பார்த்தது, மறுபடி வழுக்கியது. அடியில் ஏற்கெனவே கறுப்பாக என்னென்னமோ கிடந்தன.

“இது சைவம் இல்லடி” என்றாய். “அதான் காய்க்கல. கறி திங்கிறது எதுக்குப் பழம் வைக்கப் போகுது?” பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, “புத்தகப் பூச்சி, நீ கிட்டப் போகாத. உன்னையும் தின்னுடும்” என்றாய்.

எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருப்பாய். இப்போது என்னைப் புத்தகப் பூச்சி என்று கூப்பிட யாரும் இல்லை. விடுதியில் எல்லாரும் மரியாதையாகப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு எழுதக் கை வரவில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சித்திரை விடுமுறைக்கு முன்னால், பிபிலைப் பக்கம் வயல் வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட நம் அத்தை, அறுவடைக்கு உதவியாக உன்னை அனுப்பும்படி சொல்லிவிட்டார். அறுவடை என்பது பேச்சுக்கு. அத்தை மகன் உன்னைப் பார்க்க வேண்டும், அத்தையும் உன் வேலை வெட்டியைப் பார்க்க வேண்டும் என்பது லயம் முழுக்கத் தெரியும். நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது நீ போனாய், அறுவடை முடித்து வந்தாய். விடுமுறை முடிந்து நான் பதுளைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, விடுதியிலிருந்து என்னையும் கூட்டிப்போனார்கள். மலேரியா இருக்கிற பள்ளத்துப் பக்கம் எங்கேயாவது போனாளா என்று டாக்டர் கேட்டார். “ஆமாங்க, பிபிலைக்கு அனுப்புனேன்” என்று அப்பா சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய்தானே? கண் திறந்திருந்தது. அது எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தத் தவணையில் எனக்குப் படிப்பு ஓடவில்லை. விஞ்ஞான மிஸ் கூப்பிட்டு என்ன என்று கேட்டார். உன்னைப் பற்றிப் பேச முடியாமல் உன் செடியைப் பற்றிச் சொன்னேன், படமும் வரைந்து காட்டினேன். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மறுநாள் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். “இது அன்னாசிக் குடும்பம்தான். உம்மட அக்கா பிழையாச் சொல்லேல்ல” என்றார்.

அக்கா, அதைக் கேட்டதும் எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. லயமே சிரித்ததே, பக்கத்துக் காம்பிரா மாமா கத்தி தீட்டவா என்றாரே. அன்னாசி இல்லைதான், ஆனால் அன்னாசிக்குச் சொந்தம். சித்தி மகள், பெரியப்பா மகள் மாதிரி ஏதோ ஒரு முறை. ஓடி வந்து சொல்ல நீ இல்லை என்பது, வகுப்பு வாசலைத் தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது.

பூச்சியைப் பற்றியும் கேட்டேன். தென்னமெரிக்காவில் அந்தக் குடும்பத்துச் செடிகள் நிறைய, மடியில் தண்ணீர் கட்டிவைத்திருக்குமாம், வேர் பிடித்துக்கொள்ள மட்டும்தானாம். அவற்றில் ஒன்றிரண்டு பூச்சியைப் பிடித்துச் சாப்பிடுமோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்களாம். ஒருவரும் முடிவாகச் சொல்லவில்லையாம். நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். “விழுந்து சாகிறதைப் பாத்தனீர். சாப்பிட்டதைப் பாத்தனீரோ?” என்று கேட்டார் மிஸ். எனக்குக் கோபம் வந்தது. உன் செடி சாப்பிடும் என்று யாராவது அடித்துச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஏன் அப்படி என்று அப்போது தெரியவில்லை.

ஆவணி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

உன் கொழுந்துக் கூடை ஆணியில் அப்படியே தொங்குகிறது. அம்மா அதன்மேல் எதையும் மாட்டவிடுவதில்லை. வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. மேல் லயத்துக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள், நமக்கு அடுத்த வருஷமாம். அப்பா மலைக்குப் போய்த் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிறார், சாப்பிடுகிறார், பின்வாசலில் உட்காருகிறார். அங்கே உட்கார்ந்தால் எதிரே உன் செடி. அதை அவர் பார்க்கிற பார்வை எனக்குப் புதிது.

மலேரியா ஒழிப்பு ஆட்கள் வந்து சுவரெல்லாம் மருந்து அடித்துவிட்டு, தண்ணீர் நிற்கிற டின், சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் செடிக்குள் எட்டிப்பார்த்து, இதிலும் தண்ணீர் நிற்கிறதே, திரும்ப வரும்போது இருக்கக் கூடாது என்றாராம். அதிலிருந்து அப்பாவின் வாயில் வேறு பேச்சு இல்லை. அவள் கையாலேயே எமனைக் கொண்டுவந்து நட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் செடிக்கு முன்னால் போய் நின்றேன். இது கொசுவை வளர்க்கிற செடி இல்லை, கொசுவைத் தின்கிற செடி என்றேன். அதற்குப் புத்தகம் இருக்கிறது என்றும் சொன்னேன். மிஸ் சொன்னது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

அப்பா மம்பட்டியைக் கீழே ஊன்றினார். “சரி. படிச்ச புள்ள நீ, பாத்துச் சொல்லு. பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் கைவைக்க மாட்டேன். புழு இருந்துச்சுன்னா நீயே புடுங்கி எறியணும்.”

அப்படித்தான் நான் உன் செடிக்குக் காவலாகவும் உளவாளியாகவும் ஆனேன்.

காலையில் பனி விலகினதும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். எறும்புகள் வந்தன, விழுந்தன. ஒரு சின்ன வண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் புத்திசாலித்தனமாகப் பறந்துபோனது. ஒரு நாள் நகத்தளவு தவளைக்குஞ்சு ஒன்று இலையிடுக்கில் உட்கார்ந்துகொண்டு, செடிக்கு வரவேண்டியதை அது தின்றுகொண்டிருந்தது. விழுந்தவை நாளடைவில் கரைந்து சேறாயின. அந்தச் சேற்றைச் செடி குடிக்கிறதா, இல்லை அது சும்மா கிடந்து நாறுகிறதா? இலைக்கு வாய் இல்லை, மெல்லுகிற சத்தம் இல்லை. எத்தனை நேரம் பார்த்தாலும் சாகிறது தெரிகிறது, சாப்பிடுகிறது தெரியவில்லை. மிஸ் கேட்டது நியாயமான கேள்விதான்.

நீ இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். தின்னாம வேற எதுக்குடி அவ்வளவையும் உள்ள போட்டு வச்சிருக்கு என்பாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே அந்த எறும்புகளைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. முதுகில் வெயில் விழும்போதெல்லாம் நீதான் பின்னால் வந்து நிற்கிறாய் என்று இரண்டொரு தடவை திரும்பினேன்.

விடுமுறை முடியப் போகிற சமயம், மழை விட்ட ஒரு பின்னேரம், குழாய்த் தண்ணீருக்குள் ஏதோ நெளிந்தது. கரண்டியால் அள்ளி ஜாம் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கொசுப்புழுக்கள். உயிரோடு, சுறுசுறுப்பாக.

எறும்பைத் தின்கிற செடிக்கு இதைத் தின்னத் தெரியவில்லையா? உன் கையால் நட்டது, சாம்பல் போட்டு வளர்த்தது, உன்னையே காட்டிக்கொடுத்துவிட்டதா? போத்தலை அப்படியே ஓடையில் கொட்டிவிட்டு ஒன்றும் இல்லையப்பா என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன், செய்யவில்லை.

அப்போதுதான் சுகாதாரப் புத்தகத்துப் படம் ஞாபகம் வந்தது. நாம் கொசு என்பதை அதில் நுளம்பு என்று போட்டிருப்பார்கள். மலேரியா பரப்புகிற நுளம்பின் புழு தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். மற்ற நுளம்புகளின் புழு வாலை மேலே வைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். பரீட்சைக்காக அந்தப் படத்தை நான் வரைந்து வரைந்து பழகியிருந்தேன். போத்தலைக் கல்மேல் வைத்து, தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தேன். ஒன்று மேலே வந்தது. வாலைத் தண்ணீர் மட்டத்தில் வைத்தது. தலைகீழாகத் தொங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே தொங்கின. ஒன்றுகூடப் படுக்கவில்லை.

உன் செடி அதைச் செய்யவில்லை அக்கா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போத்தலை எடுத்துக்கொண்டு, ஓடைத் தண்ணீர் விழும் பீலிக்கு ஓடினேன். அப்பா அங்கே கவ்வாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

செடி இல்லையென்றால் வேறு எது?

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதில் சொன்னது யார்? அப்பாவே அல்லவா? அவருக்குத் தெரியாத எதை நான் ஓடிப்போய்ச் சொல்லப் போகிறேன்? அவருடைய அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கியது. திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

“என்னா, பாத்தியா?”

“பாத்தேன்ப்பா. புழு இருக்கு.”

“நான் சொன்னேன்ல.”

“ஆனா மலேரியாக் கொசுவோட புழு இல்லப்பா. அது தண்ணிமேல படுத்துக் கெடக்கும். இது தலைகீழாத் தொங்குது.”

அப்பா போத்தலை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். பீலித் தண்ணீர் கத்திமேல் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு போத்தலைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப அவளுக்குக் காச்சல் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார்.

பதிலையும் அவரே சொன்னார்.

“பிபிலையிலேருந்துதான் வந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும் பாப்பா. போகலப்பான்னு அப்படி அழுதா. நான்தான் அதட்டி அனுப்புனேன். இந்தச் செடியப் பாத்தா கோவம் அதுமேல போகுது. இதுவும் இல்லன்னா நான் எங்க போவேன்?”

அக்கா, இந்த இடத்தில்தான் நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கிற தோழிகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களில் மலையில் பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போ என்றதும் சரி என்று தலையாட்டுகிற பெண்ணை எங்கள் லயங்களில் வெட்கம் கெட்டவள் என்பார்கள். அழ வேண்டும். போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அதட்ட வேண்டும். அதன் பிறகுதான் போகலாம். நீயும் தூணைப் பிடித்துக்கொண்டு, நாலு காம்பிராவுக்குக் கேட்கிற மாதிரி அழுதாய். அப்பா அதட்டினார்.

அது முடிந்ததும் என்னைச் செடிப் பக்கம் இழுத்துப்போய் உட்காரவைத்துத் தலை பின்னினாய். உனக்குச் சந்தோஷமாக இருந்தால் பின்னலை இறுக்குவாய். அன்று எனக்கு நெற்றியே இழுத்தது. குனிந்து என் காதில் கேட்டாயே, “நல்லா அழுதேனாடி?” என்று. இன்னும் கொஞ்சம் அழுதிருந்தால் அப்பா மனசு இளகி, போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து பாதியில் நிறுத்தினாயாம். தீபாவளிக்கு வந்திருந்த அத்தான், நிறை கூடையை உன் முதுகிலிருந்து இறக்கிவைத்த கதையைச் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரல் எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைச் செடிமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாய். சொன்னால் அது என்னைத் தின்றுவிடும் என்றாய்.

“அக்கா சும்மாதான் அழுதுச்சுப்பா” என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூடையை மட்டும் சொல்லவில்லை, அது உனக்கும் அத்தானுக்கும் உள்ளது என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

“அவ என்னா சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லு.”

“நல்லா அழுதேனாடின்னு கேட்டுச்சுப்பா.”

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீ பேசுகிற மாதிரி வேறு யாராலும் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? “கள்ளி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “கள்ளி.”

அம்மா குடத்தோடு வந்து நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நான் சொன்னது முழுவதும் காதில் விழுந்திருக்கிறது. “அழுதுட்டு உள்ள வந்து பவுடர் போட்டுக்கிட்டு நின்னா. எனக்குத் தெரியாதா?” என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “தெரிஞ்சா சொல்லக் கூடாதா?”

“நீங்க செடின்னுதானே சொன்னீங்க. உங்க மனசுல இது கெடந்தது எனக்கு எப்படிங்க தெரியும்?”

இதற்குப் பிறகு அப்பா தேறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அன்று அவர் சாப்பிடவே இல்லை. ஆனால் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நீ போனதிலிருந்து செடியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், உன்னைப் பற்றி அல்ல. என்ன சேலை கட்டிக்கொண்டு போனாய், பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், கையில் என்ன வைத்திருந்தாய் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுநடுவே என்னிடம் திரும்பி, “நல்லா அழுதேனான்னா கேட்டா?” என்று கேட்டார். ஆமாப்பா என்பேன். நான் பதுளைக்குக் கிளம்புகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலத்தான் கேட்டார். நானும் அப்படியே சொன்னேன்.

செடியைப் பிடுங்கத்தான் செய்தோம். மலேரியாக் கொசு இல்லாவிட்டாலும் கொசு கொசுதான். லயத்தில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், வந்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்பா மம்பட்டியை எடுக்கவில்லை. கையால் மண்ணைக் கிளறி, ஒரு வேர் அறாமல் தூக்கினார். உண்மையில் வேர் கொஞ்சம்தான். அவ்வளவு பெரிய செடி இத்தனை சின்ன வேரில் எப்படி நின்றது என்று அவருக்கு ஆச்சரியம். சாக்கில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மலை விளிம்பில் நீ இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே பக்கத்தில் வீடு ஒன்றும் இல்லை. வழியில் பக்கத்துக் காம்பிரா மாமா எதிரே வந்தார். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் பக்கத்துச் சாக்கு நுனியை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நட்டு முடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்து எறும்பு ஒன்று இலையில் ஏறியது. அப்பா அசையாமல் பார்த்தார். அது வழுக்கி விழுந்தது.

“தின்னுதா?”

“தெரியலப்பா. தின்னுதோ என்னவோன்னுதான் புத்தகத்துலயும் இருக்கு.”

“தின்னட்டும்” என்றார் அப்பா. “அவளுக்குப் பக்கத்துல பசியோட எதுவும் இருக்கக் கூடாது.”

உனக்கு இன்னும் ஒரு சேதி இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தானுக்குத் தை மாதம் கலியாணம். பெண் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். அத்தை சொல்லியனுப்பியிருக்கிறார், அப்பாவும் போய் வருவதாகச் சொல்லிவிட்டார். நாள் குறிப்பதற்கு முன்னால் அத்தான் ஒரு தடவை வந்து உன் இடத்தில் நின்றுவிட்டுப் போனாராம். அம்மா சொன்னார். என்ன நினைத்து நின்றார்? மாமன் மகள் என்று நின்றாரா, வேறு ஏதாவதா? நீ தூணைப் பிடித்துக்கொண்டு அழுத கதை அவர் காதுக்கும் போயிருக்குமே, தன்னைப் பிடிக்காமல் வந்தவள் என்றுதான் கடைசிவரை நினைத்திருப்பாரா? அப்படி நினைப்பது அவருக்கு நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இதற்கு எந்தப் புத்தகத்திலும் படம் போட்டுக் காட்டவில்லை. உன்னைத்தான் கேட்க வேண்டும். உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

அதனால் இதை வாக்காகவே எழுதிவைக்கிறேன். நீ சொன்னதில் அழுகை அப்பாவுக்கு வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன். கூடை என்னிடமே இருக்கும். அத்தான் கேட்டாலும் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிள்ளைகள் பிறந்து அந்தப் பிள்ளைகள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இந்தப் பத்திரிகை விடுதி வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் வந்து உட்கார்ந்து, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அதை நான் சொல்வேன். நீ கேட்டுக்கொண்டிரு.

விடுதி அம்மா வராந்தாவில் வருகிறார். கையொப்பத்தை மட்டும் போட்டுவிடுகிறேன்.

பின்னலை இறுக்க ஆளில்லாமல், தானே பின்னிக்கொள்ளப் பழகும்
உன் தங்கச்சி

விளக்கை அணைத்துவிட்டார்கள்.